அக்காவின் சூராட்

தராசில் ஐம்பத்தாறு புள்ளி எட்டு என்று சிவப்பு எண்கள் வந்து நின்றன. தாமரை இறங்கி, காலுறையையும் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி ஏறினாள். அதே எண். பதினான்கு மாதத்துக்கு முன்னால் இதே தராசில் அறுபத்தொன்பதாக நின்றவள். முதலில் இரவுச் சோற்றை விட்டாள், பிறகு பகல் சோற்றையும் விட்டாள். தீபாவளிக்கு ஊருக்கெல்லாம் முறுக்கு சுட்டுக் கொடுத்துவிட்டு, உடைந்த துண்டைக்கூட வாயில் போடாமல் கையைக் கழுவினாள். கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் எட்டு மணி நேரம் போர்க்லிப்ட் ஓட்டிவிட்டு, ரயில் பிடித்து பிரிக்பீல்ட்ஸ் வந்து, பூக்கடைகளுக்கு மேலே இரண்டாம் மாடியில் குரு நடத்தும் குத்துச்சண்டைக் கூடத்தில் வாரத்துக்கு ஐந்து நாள் வியர்த்தாள். கீழேயிருந்து மல்லிகை வாசம் ஏறி வரும், மேலே ஈரக் கையுறைகளின் நாற்றம் அதை நடுப்படியிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிடும். எல்லாம் இந்த எண்ணுக்காகத்தான். ஐம்பத்தேழு கிலோ பிரிவு. இன்னும் பதினாறு நாளில் கிள்ளானில் மாநிலத் திறந்த போட்டி.

"போதும் லா, எறங்கு. தராசு அழுவுது" என்றான் குரு. மேசையில் உட்கார்ந்து போட்டிக்கான விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். ஒரு காலத்தில் இருவரும் ஒரே மாநில அணியில் இருந்தவர்கள். அவனுக்கு இப்போது மூக்கு ஒரு பக்கம் சாய்ந்து, வயிறு முன்னால் சாய்ந்து, முழங்காலில் ஒரு பட்டை. "ஐசி குடு."

கொடுத்தாள். அவன் எண்ணைப் பார்த்து எழுத ஆரம்பித்தான். முதல் இரண்டு இலக்கத்திலேயே பேனா நின்றது. இந்த நாட்டில் யாரும் வயதை மறைக்க முடியாது. அடையாள அட்டை எண்ணே பிறந்த வருடத்தில்தான் தொடங்குகிறது.

"எண்பத்து நாலா?"

"ம்."

"அப்ப நாப்பத்தொன்னு. நீ முப்பத்தொம்பதுன்னு சொன்ன."

"முப்பத்தொம்பதுதான்."

"வாணி, நான் கணக்குல மோசம்தான், ஆனா இவ்ளோ மோசம் இல்ல. நாப்பது வரைக்கும்தான் உள்ள விடுவான். மேல ஒரு வயசு ஏறினா பாரத்த அவன் கையால தொடக்கூட மாட்டான்."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பதினான்கு மாதம் உடம்பின் ஒவ்வொரு கிராமையும் கணக்குப் பார்த்தவள், தனக்கு இரண்டு வயதுக் கணக்கு இருப்பதையும், அதில் எது செல்லும் என்பதையும் மறந்து தொலைத்திருந்தாள்.

வாணி என்பது ஐசியில் இருக்கும் பெயர். வீட்டில் அவள் தாமரை. கேரி தீவுத் தோட்டத்தில் பக்கிரிசாமிக்கு முதலில் பிறந்த பெண் வாணி. அவளைப் பதிந்து சூராட் எடுத்தார்கள். பிறப்புச் சான்றிதழை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பதின்மூன்று மாதத்தில் காய்ச்சல் வந்து வாணி செத்துப்போனாள். தோட்டத்துச் சுடுகாட்டில் புதைத்தார்கள். சாவைப் பதிய யாரும் போகவில்லை. அப்புறம் தாமரை பிறந்தாள். அவளைப் பதிய வேண்டுமானால் ஆபீஸ் எழுத்தரான கிராணியிடம் கெஞ்சிக் கடிதம் வாங்க வேண்டும், தோட்டத்து லோரிக்குக் காத்திருக்க வேண்டும், ஒரு நாள் சம்பளம் போகும். பெட்டியிலோ ஒரு பெண்பிள்ளையின் சூராட் சும்மா கிடந்தது. அக்காவின் சட்டையைத் தங்கைக்குப் போட்டுவிடுவது மாதிரி அதைத் தூக்கி இவளுக்குப் போட்டுவிட்டார்கள். இவளுக்குப் பின்னால் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் பக்கிரிசாமி லோரி ஏறிப் போனார். அவர்களுக்குக் கிராணி கிடைத்தார், லோரி கிடைத்தது, ஒரு நாள் சம்பளமும் கிடைத்தது.

தாளில் ஏழு வயது என்று காட்டி, ஐந்து வயதில் அவளை ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். வகுப்பிலேயே குட்டை. பென்சில் பிடுங்குவார்கள், சடையைப் பிடித்து இழுப்பார்கள். ஒவ்வொரு வருடமும் தன்னைவிட இரண்டு வயது மூத்தவர்களிடம் அடி வாங்கித்தான் அவள் கை தூக்கப் பழகினாள். பதினேழு வயதில் மாநிலத் தேர்வுக்குப் போனபோது தாளில் பத்தொன்பது இருந்தது, பெரியவர்கள் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு அந்தப் பொய் இனித்தது, இல்லையென்று சொல்ல முடியாது. வருடா வருடம் ஜூன் மூன்றாம் தேதி வங்கியும் போன் கம்பெனியும் அவளுடைய போனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகின்றன. செத்தவளுக்கு வரும் வாழ்த்தை உயிரோடு இருப்பவள் படித்துவிட்டு அழிப்பாள். தன்னுடைய பிறந்தநாளை ஆகஸ்ட் ஒன்பதில், அம்மா சொல்லிவிட்டுப் போன தேதியில், ஒரு துண்டு கேக்கோடு முடித்துக்கொள்வாள். அந்தக் கேக்கில் எரிந்த மெழுகுவர்த்திகளைத்தான் அவள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

குருவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஐசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கும் என்பதுபோல.

"இத்தன வருஷம் நான் செத்தவ பேரச் சொல்லியா கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்?"

"பழகிட்டு லா. விடு. இப்ப என்ன பண்றது, அதச் சொல்லு."

அவன் யோசித்தான். "வெட்டரன் ஆட்டம்னு ஒன்னு வைப்பாங்க. நாப்பதுக்கு மேல உள்ளவங்களுக்கு. மூணு ரவுண்டு, ஒன்றரை ஒன்றரை நிமிஷம். பெரிய கிளவ்ஸ். மார்க் கெடையாது. முடிஞ்சதும் ரெண்டு பேர் கையையும் தூக்கி விட்டுருவாங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னா, உடம்பு நல்லா இருக்கத்தான்."

"உடம்பு நல்லா இருக்க நான் பார்க்குல நடக்க மாட்டேனா? ரெண்டு பேரும் கையத் தூக்குறதுக்கு என்ன, பஸ்ஸா நிறுத்துறோம்?"

அவள் எதைக் கேட்கிறாள் என்பது குருவுக்குத் தெரியும். கடைசியாக அவள் பெயர் ஏறிய முடிவுத்தாளில் இரண்டே எழுத்துதான் இருந்தது. டபிள்யூ.ஓ., வராமலே தோற்றவளுக்குப் போடும் வாக்ஓவர். மாநில இறுதிப் போட்டி, அவளுக்கு இருபத்தொன்று. அதே நாளில் வீட்டில் பரிசம் வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை நாகையா, லோரி டிரைவர், நல்லவன், குடிக்க மாட்டான். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மூஞ்சி வீங்கின பொண்ண கூட்டிட்டுப் போனா நான்தான் அடிச்சேன்னு நெனப்பாங்க. இத விட்டுரு." எல்லோரும் சிரித்தார்கள், நியாயம்தானே என்றார்கள். அவள் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்த நேரத்தில், கோலாலம்பூரில் அவள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு எதிராளியின் கையைத் தூக்கினார்கள். ஒரு குத்துகூட வாங்காமல் தோற்றாள். பதினேழு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் பூச்சரம் வாங்க பிரிக்பீல்ட்ஸ் வந்தவள், மேல்மாடியில் ஸ்கிப்பிங் கயிறு தரையைத் தட்டும் சத்தத்தைக் கேட்டு, பூவோடு படியேறி வந்துவிட்டாள். அன்றைக்கே குருவிடம் சொன்னாள்: எனக்கு ஒரே ஒரு ஆட்டம் வேண்டும். மார்க் போடும் ஆட்டம். ஜெயித்தேன் அல்லது தோற்றேன் என்று எவனாவது எழுத வேண்டும்.

"ஒரு வழி இருக்கலாம்" என்றான் குரு கடைசியில். "உங்கப்பா இருக்காருல்ல? சும்பா சத்தியம் பண்ணி ஒரு தாள் வாங்கிட்டு வா. இவ இந்தத் தேதியில பொறந்தவ, அந்த சூராட் வேற புள்ளயோடதுன்னு அவர் சத்தியம் பண்ணி கையெழுத்துப் போட்டா, நான் கமிட்டியில போயி நிக்கிறேன். கேப்பாங்களா தெரியாது. நின்னு பாக்குறேன்."

அன்று சாயங்காலம் கிள்ளான் வீட்டில் மகள் மலர்விழி அந்தச் சத்தியத் தாளுக்கான வாசகத்தை மலாயில் எழுதிக் கொடுத்தாள். பதினேழு வயது, எஸ்பிஎம் பரீட்சை எழுதப் போகிறவள். குடும்பத்தில் யாரும் போகாத இடத்துக்குப் போக வேண்டும் என்று சுவரில் பல்கலைக்கழகங்களின் பெயரை ஒட்டி வைத்திருப்பவள். எழுதி முடித்துவிட்டுத் தாளைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"மா, இதுல என்ன எழுதியிருக்குன்னு புரியுதா? நீங்க வாணி இல்லன்னு எழுதியிருக்கு."

"ஆமா."

"என் சூராட்ல அம்மா பேரு வாணி. நீங்க வாணி இல்லன்னா எனக்கு அம்மா யாரு? இந்தத் தாள் கமிட்டியோட நிக்கும்னு நெனக்கிறீங்களா? எவனாவது ஒருத்தன் பதிவிலாகாவுக்கு எடுத்துட்டுப் போனா உங்க ஐசி, அப்புறம் என் ஐசி. என் பிரண்டு ஒருத்தி ஐசி இல்லாம மூணு வருஷமா ஆபீஸ் ஏறி எறங்குறா. எக்ஸாம் எழுதினா, செர்டிபிகேட் குடுக்கல."

அடுக்களையில் நாகையா மீன் கழுவிக்கொண்டிருந்தான், ஜொகூருக்குப் போய் அன்று காலைதான் திரும்பியிருந்தான். அங்கிருந்தே, "ஒரு ரிங்குல ஏறுறதுக்கு குடும்பத்தையே எறக்கணுமா?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவன் எதையுமே கோபமாகச் சொல்வதில்லை, அதனால்தான் அவனோடு சண்டை போடவும் முடிவதில்லை.

மலர்விழி தகப்பன் பக்கம் திரும்பினாள். "நீங்க சும்மா இருங்கப்பா. உங்களாலதான் அப்பவே நின்னுச்சு." பிறகு தாளைத் தாயின் மடியில் வைத்தாள். "நான் வேணாம்னு சொல்லல. என்ன ஆகும்னு சொன்னேன். போறதுன்னா தெரிஞ்சு போங்க."

தெரிந்துதான் போனாள். அதுதான் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. பெற்ற மகளின் எதிர்காலத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா இருக்கும் பந்திங்குக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டிய பெண்ணை யாரும் நல்ல தாய் என்று சொல்ல மாட்டார்கள். அவளும் சொல்லிக்கொள்ளவில்லை. வழியெல்லாம் செம்பனை வரிசைகள் ஓடின. திரும்பிவிடலாம் என்று மூன்று இடத்தில் வேகத்தைக் குறைத்தாள். மூன்று இடத்திலும் பின்னால் வந்த கார்க்காரன் ஹாரன் அடித்தான், அவள் மறுபடி முறுக்கினாள்.

தம்பி சிவநேசன் வீட்டு முன்கொட்டகையில் பக்கிரிசாமி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தாறு வயது. இனிப்பு நீர் வியாதி இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டிருந்தது. மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது, கொடுமைக்காரத் தகப்பனாக இருந்தால் வேலை சுலபம்.

"பசியாறிட்டியா பாப்பா? என்ன இப்படி எளச்சிட்ட. நாகையா சோறு போடுறானா இல்லயா?"

"நான்தான்பா சாப்புடுறதில்ல. போட்டிக்கு."

"இன்னுமா அடிச்சிக்கிறீங்க?" என்று சிரித்தார்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். நடுவில் வந்து தேநீர் வைத்த தம்பி மனைவி, சூராட் என்ற வார்த்தையைக் கேட்டதும் வேகமாக உள்ளே போய்விட்டாள். பக்கிரிசாமி மறுப்பார், பயப்படுவார், பழசைக் கிண்டாதே என்று கத்துவார் என்று எதிர்பார்த்து அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தாள். அவர் தேநீரை ஆற்றி ஒரு வாய் குடித்துவிட்டு, "வரேன்" என்றார். "எங்க வரணும், எப்ப வரணும்னு சொல்லு. எனக்கென்ன பயம். உள்ள புடிச்சுப் போட்டா மூணு வேள சோறு. இங்க ரெண்டு வேளதான்."

உள்ளே பாத்திரம் ஒன்று நங்கென்று வைக்கப்பட்டது. அவர் கண்ணடித்தார்.

இவ்வளவு சுலபமா? இத்தனை வருடம் கேட்காமல் விட்டோமே என்று தாமரைக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. தாளை விரித்துத் தொடையில் வைத்து, பேனா மூடியைக் கழற்றினாள்.

"நான் பொறந்த தேதி சொல்லுங்கப்பா."

அவர் வாயைத் திறந்தார். அப்படியே வைத்திருந்தார். பார்வை வாசலுக்கு வெளியே சடக்குச் சாலைக்குப் போயிற்று, எதிர்வீட்டு வாழைமரத்துக்குப் போயிற்று, திரும்பித் தன் இரண்டு விரல் இல்லாத காலில் வந்து உட்கார்ந்தது.

"நீ பொறந்தது… தண்ணி ஏறி லயத்து வீட்டுக்குள்ள வந்துச்சே, அந்த வருஷம். இல்ல. அது சிவநேசன். நீ பொறந்தப்ப வேல வாங்குற புது தண்டல் வந்திருந்தான். தெலுங்கன். அவன் எந்த வருஷம் வந்தான்…"

"ஆகஸ்ட் ஒம்பதுன்னு அம்மா சொன்னாங்க."

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்." தலையை ஆட்டினார். பிறகு, உண்மையிலேயே உதவ நினைப்பவராக, "எந்த ஆகஸ்ட்?" என்று கேட்டார்.

"வாணி செத்து எத்தன வருஷம் கழிச்சு நான் பொறந்தேன்?"

"ஒன்னு. ஒன்னா, ரெண்டா. உங்கம்மா ரொம்ப நாள் யார்கிட்டயும் பேசாம கெடந்தா. அப்புறம்தான் நீ. மூணுகூட இருக்கும்."

"வாணி பொறந்தது தெரியுமா?"

"வாணியா?" குரல் நிமிர்ந்தது. "எண்பத்து நாலு, ஜூன் மூணு. ஞாயித்துக்கெழம. காலையில ஆறு பத்து. மழ தூறிக்கிட்டு இருந்துச்சு. கிராணி எடை கேட்டாரு, ஆறு ராத்தல்னு சொன்னேன். நானே போயி பதிஞ்சேனே, மறக்குமா?"

தாமரை தாளைப் பார்த்தாள். மலர்விழி தேதிக்காக விட்டிருந்த கோடு வெறுமையாக இருந்தது. வீட்டில் பிறந்தவள். பிரசவம் பார்த்த ஆயா செத்துப் பல வருடம். தோட்டத்து ஆஸ்பத்திரியை இடித்துவிட்டார்கள். அம்மா போய் எட்டு வருடம். அவள் எந்த வருடத்தில் பிறந்தாள் என்பதைச் சொல்ல உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு மகளின் பிறப்பு நிமிடக் கணக்கில் ஞாபகம் இருந்தது. அது இவள் இல்லை. மெழுகுவர்த்தி முப்பத்தொன்பது என்பது அம்மா எப்போதோ போகிற போக்கில் சொன்னதை வைத்து இவளே கட்டிக்கொண்ட கணக்கு. முப்பத்தெட்டாக இருக்கலாம். நாற்பதாக இருக்கலாம். மாட்டுக்குப் பல்லைப் பார்த்துச் சொல்வார்கள், அவளுக்கு அதுவும் இல்லை.

தகப்பன் மகளின் முகத்தைப் பார்த்தார். எதையோ சரிசெய்தாக வேண்டும் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். குனிந்து, குரலைத் தாழ்த்தி, "அதுக்கென்ன பாப்பா. நீ சொல்லு, நான் சத்தியம் பண்றேன்" என்றார். "எந்த வருஷம் வேணும் உனக்கு?"

அவள் பேனாவை மூடினாள். கத்தியிருக்கலாம். ஒரு நாள் சம்பளம் அப்பா, ஒரே ஒரு நாள் சம்பளம் என்று கேட்டிருக்கலாம். எந்த வருஷம் வேணும் என்று மளிகைக்கடையில் கேட்பதுபோலக் கேட்ட அந்த மனிதரின் கண்ணில் துளியும் கள்ளம் இல்லை. கள்ளம் இல்லாதவனை என்னதான் செய்வது? இல்லாத ஒரு வருடத்தை எழுதி வாங்கிப் போனால் குருவும் நிற்பான், கமிட்டியும் ஒருவேளை கேட்கும். அப்படி ஏறினால் அவள் ஏறுவது இன்னொரு பொய்த் தாளின் மேல். இந்தத் தடவை அப்பா போட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. அவளே கேட்டுத் தைத்துக்கொண்டதாக இருக்கும். தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். அவர் வாசல்வரை நொண்டி வந்து, "மூஞ்சிய பாத்துக்க" என்றார்.

மூன்று நாள் கூடத்துக்குப் போகவில்லை. நான்காம் நாள் வேலை முடிந்ததும் கால் தானாக ரயில் நிலையத்துக்கு நடந்தது. படியேறிப் போய்க் கையில் துணிக்கட்டைச் சுற்ற ஆரம்பித்தாள். அவள் குத்துப்பையில் பத்து நிமிடம் குத்திய பிறகு குரு பக்கத்தில் வந்து நின்றான்.

"தாள்?"

"இல்ல. அவருக்குத் தெரியல."

"எது தெரியல?"

"நான் தெரியல."

குரு பையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் அதை அவள் குத்த விட்டான். "வெட்டரனுக்குப் பேரு குடுத்துட்டேன்" என்றான். "கோவிச்சுக்காத. வரலன்னா வராத. வரலன்னாலும் அதுல வாக்ஓவர்னு எழுத மாட்டாங்க. எழுதறதுக்கே அதுல ஒன்னும் இல்ல."

அவள் மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். சோறு மட்டும் இன்னும் சாப்பிடவில்லை. வெட்டரன் ஆட்டத்துக்கு யாரும் எடை பார்க்கப் போவதில்லை. போட்டிக்கு முந்தைய நாள், சனிக்கிழமை மாலை, யாரும் கேட்காமலே தராசில் ஏறிப் பார்த்தாள். ஐம்பத்தாறு புள்ளி ஐந்து.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் சமூக மண்டபத்தில் நூறு பேர்வரை இருந்தார்கள். காலையில் சின்னப் பையன்களின் ஆட்டங்கள், பிற்பகலில் இறுதிச் சுற்றுகள். வெட்டரன் ஆட்டத்தை இரண்டுக்கும் நடுவில், சாப்பாட்டு நேரத்தில் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கி அவள் பெயரை வாணி என்று அறிவித்தபோது பாதிப் பேர் எழுந்து நாசி லெமாக் சோற்றுக் கடையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். மார்க் போடும் மேசையில் ஐந்து நாற்காலியும் காலி. ஒன்றில் யாரோ சட்டையைக் காயப்போட்டிருந்தார்கள். மலர்விழி இரண்டாவது வரிசையில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நாகையா வரவில்லை, லோடு ஏற்றிக்கொண்டு பினாங்குக்குப் போயிருந்தான்.

எதிராளி காஜாங்கிலிருந்து வந்த ஷம்சியா, நாற்பத்து மூன்று வயது, தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கழுத்தை மூடிய கறுப்புச் சட்டை, தலைக்கவசத்துக்குள்ளே கறுப்புத் துணி. ரிங்குக்கு வெளியே காத்திருந்தபோது பக்கத்தில் வந்து நட்பாகச் சிரித்தாள்.

"உங்களுக்கு என்ன வயசு சிஸ்டர்?"

"கேக்காத. பெரிய கத."

"சரி லா. மெதுவாப் போவோமா? நாளைக்கு எனக்கு ஸ்கூல். கண்ணு வீங்கினா பிள்ளைங்க கிண்டல் பண்ணித் தீத்துடுங்க."

"வேணாம்" என்றாள் தாமரை. சொன்ன விதம் கொஞ்சம் முரட்டுத்தனமாக விழுந்துவிட்டது. "டீச்சர், தயவுசெஞ்சு மெதுவா அடிக்காதீங்க. உங்களால எவ்ளோ முடியுமோ அவ்ளோ அடிங்க. நானும் அடிப்பேன்."

ஷம்சியா அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு பல்கவசத்தைக் கடித்துக்கொண்டு தலையசைத்தாள். அவளும் அங்கே பதக்கத்துக்கு மட்டும் வரவில்லை என்பது அந்தத் தலையசைப்பில் தெரிந்தது.

முதல் சுற்று தாமரையுடையது. இடது கை பழைய இடத்துக்குத் தானாகப் போய்த் திரும்பியது. மூன்று தடவை ஷம்சியாவின் நெற்றியில் நேராக விழுந்தது. விழுந்த ஒவ்வொன்றையும் அவள் மனசுக்குள் எண்ணினாள், எண்ண வேறு யாரும் இல்லாததால். இரண்டாம் சுற்றில் மூச்சு ஏமாற்றியது. கால் நினைத்த இடத்துக்குப் போவதற்குள் குத்து வந்துவிட்டது. விலாவில் ஒன்று, தாடையில் ஒன்று, மறுபடி விலாவில். அவளும் கொடுத்தாள், பாதி ஷம்சியாவின் கையிலேயே நின்றன. மூலையில் குரு தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "போதும், கை காலை ஆட்டிட்டு எறங்கு" என்றான். "எண்ணுறியா?" என்று கேட்டாள். அவன் அவள் கண்ணைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தான்.

மூன்றாம் சுற்றில் ஷம்சியாவின் வலது கை வந்ததை அவள் பார்த்தாள். பார்த்தாள், தெரிந்தது, விலக உடம்புக்குத் தகவல் போகவில்லை. மண்டபம் ஒரு பக்கமாகச் சரிந்து, கயிறு முதுகில் வந்து இடித்தது. நடுவர், நல்ல மனிதர், நடுவில் புகுந்து அவள் தோளைத் தொட்டு, "பெலான்-பெலான், காக்கா" என்றார். மெதுவாக, அக்கா. நோயாளியை நாற்காலியில் உட்காரவைக்கும் குரல். எதிராளியின் குத்தைவிட அந்தக் குரல்தான் அவளுக்கு வலித்தது. அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு வாங்கினாள். ஒன்று கொடுத்தாள், சுத்தமாக, மூக்கின் மேல். ஷம்சியாவின் கண்ணில் நீர் கட்டியது, ஆனாலும் அவள் பின்வாங்கவில்லை. மறுபடி வலது கை வந்தது. மணி அடித்தபோது தாமரையின் உதட்டில் உப்பு இருந்தது.

இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். "மன்னிச்சிரு சிஸ்டர்" என்று ஷம்சியா காதில் மூச்சு வாங்கினாள். "எதுக்கு?" என்றாள் தாமரை. அவளுக்குக் கணக்கு தெளிவாக இருந்தது. முதல் சுற்று எனக்கு. இரண்டாவது அவளுக்கு. மூன்றாவது, எப்படிப் பார்த்தாலும், அவளுக்கு. இதைப்போல நிச்சயமாக அவளுக்குத் தன்னைப் பற்றி இதுவரை எதுவும் தெரிந்திருக்கவில்லை.

நடுவர் இருவரையும் ரிங்கின் நடுவில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு மணிக்கட்டாகப் பிடித்துக்கொண்டார். ஒலிபெருக்கிக்காரர் மலாயில் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: இங்கே தோற்றவர் யாருமில்லை, இருவருமே வெற்றியாளர்கள், வயது ஒரு எண்தான். ஒரே மாதிரி இரண்டு பதக்கங்களைத் தட்டில் வைத்துக்கொண்டு ஒரு பெண் காத்திருந்தாள். போட்டோக்காரர் கையைக் காட்டினார். நடுவரின் இரண்டு கைகளும் மேலே எழத் தொடங்கின.

தாமரை தன் மணிக்கட்டை உருவிக்கொண்டாள்.

அவர் நழுவிவிட்டது என்று நினைத்து மறுபடி தேடினார். அவள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், இன்னொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். "காக்கா?" என்றார். அவள் ஷம்சியாவைப் பார்த்துத் தலையசைத்தாள். ஒலிபெருக்கி பாதி வாக்கியத்தில் நின்றது. ஷம்சியாவின் கை மட்டும் தனியாக மேலே போய்விட்டிருந்தது. அது யாருடைய கை என்பதுபோல அவள் நிமிர்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் பொட்டலமும் கையுமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தவர்கள், யாரோ ஜெயித்திருக்கிறார்கள் என்று கண்டு, பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைதட்ட ஆரம்பித்தார்கள். நடுவரின் இன்னொரு கை, காலியாக, ஒரு மணிக்கட்டின் அளவுக்கு வளைந்தபடியே, இடுப்புயரத்தில் நின்றுகொண்டிருந்தது.